மலை நடுவே, கடலைவிடத் தாழ்ந்த தரை

வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள வாஸ்ட்வாட்டர் ஏரியின் தென்கிழக்குக் கரையில் ஒரு நடைபாதை இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் தண்ணீரை ஒட்டியே போகும் எளிய பாதை. ஏரியின் தலைமாட்டிலிருந்து நடக்கத் தொடங்கினால் முதலில் புல்லும் மண்ணுமாகத்தான் இருக்கும். பாதியைத் தாண்டிய பிறகு மண் காணாமல் போய்க் கல் மட்டும் மிஞ்சுகிறது. ஆட்டுக்கல் அளவு, மாட்டுவண்டி அளவு, சில இடங்களில் சிறு அறை அளவுக்குப் பாறைத் துண்டுகள். கையையும் ஊன்றித்தான் கடக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் தூரம் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது.

நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து கல்லைத் தடவிப் பார்த்தேன். வெகுகாலம் கிடந்த கற்களின் மேல் சாம்பலும் மஞ்சளுமாகக் கற்பாசி படர்ந்திருந்தது. அண்மையில் உடைந்து விழுந்தவற்றின் விளிம்பு விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மை. தலைக்கு மேலே ஐந்நூறு மீட்டருக்கும் அதிக உயரத்துக்கு அந்தக் கற்சரிவும் செங்குத்துப் பாறையும் எழுகின்றன. காலடியில் அதே கற்கள் அதே சாய்வில் நீருக்குள் இறங்குகின்றன. நாலைந்து மீட்டர் வரை தெளிவாகத் தெரியும், அதற்கப்பால் கருமைதான்.

அந்தக் கருமையின் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். வாஸ்ட்வாட்டரின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 61 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழமோ 75 மீட்டரைத் தாண்டும். கழித்துப் பாருங்கள்: ஏரியின் அடித்தரை கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரி இதுதான். இந்தப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்பது 978 மீட்டர் உயரமுள்ள ஸ்காஃபெல் பைக், இங்கிலாந்தின் மிக உயரமான மலை. நாட்டின் அதிக உயரமும் அதிக ஆழமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. கிழக்கே, பயணிகள் குவியும் விண்டர்மியர் ஏரியிலும் இதே கதைதான். சுமார் 17 கிலோமீட்டர் நீளம், நீர்மட்டம் 39 மீட்டர், ஆழம் 60 மீட்டருக்கு மேல். அதன் அடித்தரையும் கடலுக்குக் கீழே.

நமக்கு ஏரி என்றதும் கரையும் மதகும் கலிங்கும் நினைவுக்கு வருகின்றன. யாரோ மண் சுமந்து உயர்த்திய கரைக்குப் பின்னால் மழைநீர் தேங்குவதுதான் நம் ஊர் ஏரி. வடமேற்கு இங்கிலாந்தின் இந்த லேக் டிஸ்ட்ரிக்டிலும் அப்படிப்பட்டவை உண்டு: தேர்ல்மியரும் ஹாஸ்வாட்டரும் மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காக அணை கட்டி உயர்த்தப்பட்ட ஏரிகள். மற்ற பெரிய ஏரிகளை மனிதர் எவரும் வெட்டவில்லை. அப்படியானால் வெட்டியது எது?

ஆறு என்று சொல்லத் தோன்றும். பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது, அதனால் ஆறு ஆழமாக அரித்திருக்கலாம் என்றும் வாதிடலாம். ஆனால் சிக்கல் ஆழத்தில் மட்டும் இல்லை, வடிவத்திலும் இருக்கிறது. இந்த ஏரிகளின் அடித்தரை ஒரு கிண்ணம். தலைமாட்டில் இறங்கி, நடுவில் ஆழ்ந்து, கால்மாட்டில் மறுபடி மேலேறுகிறது. ஆற்று நீர் பள்ளம் நோக்கித்தான் ஓடும். அரித்த மண்ணை மேட்டுக்கு மேல் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்ட அதனால் முடியாது. அருவியின் அடியில் சிறு மடு தோண்டும், அவ்வளவுதான். பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையில் ஒரு தொட்டியைக் குடைந்து வைக்க அதனால் ஆகாது.

பனியால் ஆகும். எப்படி என்பதைச் சமையலறையில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கெட்டியான இட்லி மாவை நடுவில் பள்ளமுள்ள ஒரு நீளத் தட்டின் ஒரு முனையில் ஊற்றிக்கொண்டே இருங்கள். பள்ளம் நிரம்பிய பின்னும் மாவு நிற்காது. ஊற்றும் முனையில் மேற்பரப்பு உயர்ந்திருப்பதால் மறுமுனை நோக்கி நகரும். பள்ளத்தின் அடியில் கிடக்கும் மாவும் எதிர்ச்சரிவில் ஏறிச் செல்லும். பனியாறும் இப்படித்தான். பல பத்து மீட்டர் தடிமன் சேர்ந்துவிட்டால் பனிக்கட்டி தன் எடையிலேயே உருமாறி மெல்ல வழியத் தொடங்குகிறது. அது எந்தத் திசையில் போகும் என்பதை முடிவு செய்வது மேற்பரப்பின் சாய்வு. அடித்தரை மேடா பள்ளமா என்பது அதற்குப் பெரிய தடையே இல்லை.

இனி எடையைக் கணக்கிடுவோம். பனியின் தடிமன் 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீட்டர் பாறையின் மீதும் சுமார் 450 டன் அமர்ந்திருக்கும். ஆனால் வெறும் பனி பாறையைத் தேய்க்காது, அது பாறையைவிட மிருதுவானது. தேய்ப்பது அதன் அடியில் உறைந்து ஒட்டியிருக்கும் கற்களும் மணலும். உப்புத்தாளில் காகிதம் எப்படியோ, அப்படி இங்கே பனி. இந்த வட்டாரத்தின் கிரேட் லாங்டேல் பள்ளத்தாக்கில் நடக்கும்போது பாதையோரப் பாறைகளைக் கவனித்தால் ஒரே திசையில் ஓடும் கோடுகளைப் பார்க்கலாம். ஈர நாளில், வெளிச்சம் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். ஒரு கோட்டில் நகத்தை வைத்து இழுத்தால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியின் அடியில் மாட்டிய ஒரு கூழாங்கல் போன வழியே நம் நகமும் போகிறது.

அதே பாறையின் மறுபக்கம் போய்ப் பார்த்தால் வேறு முகம். பனி வந்த பக்கம் வழுவழுப்பு, பனி இறங்கிச் சென்ற பக்கம் கடித்துத் துப்பியது போன்ற முரடு. தேய்ப்பதைவிட வேகமாக வேலை செய்யும் இன்னொரு முறையின் தடம் அது. மேட்டைத் தாண்டும் பனிக்கும் பாறைக்கும் இடையே பின்புறம் ஒரு சிறு வெற்றிடம் உண்டாகிறது. உருகிய நீர் அதில் புகுந்து, அதன் அழுத்தம் ஏறி இறங்கும்போது, பாறையில் ஏற்கெனவே உள்ள விரிசல்கள் நீள்கின்றன. ஒரு துண்டு தளர்ந்ததும் பனி அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறது. பெயர்த்த துண்டே அடுத்த பாறையைத் தேய்க்கும் கருவியாகிறது.

கிண்ணம் ஆழமாகிக்கொண்டே போவதற்கான காரணம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. தரையில் ஒரு சிறு பள்ளம் விழுந்துவிட்டால், அதன் மேல்விளிம்பைக் கடக்கும்போது பனி வளைந்து வெடிக்கிறது. அந்த வெடிப்புகள் வழியே கோடைக்கால உருகுநீர் அடித்தரைக்கு இறங்குகிறது. நீர் வந்து சேரும் இடத்தில்தான் பெயர்ப்பு வேகமாக நடக்கிறது. ஆகவே பள்ளத்தின் தலைப்பக்கம் இன்னும் செங்குத்தாகிறது. வெடிப்புகள் இன்னும் பெருகுகின்றன. பள்ளம் பள்ளத்தை வளர்க்கிறது.

உடைந்த கல்லையும் மண்ணையும் வெளியேற்றுவது பனியின் அடியில் ஓடும் நீர். மேலிருக்கும் பனியின் எடையால் அது அழுத்தப்பட்டிருப்பதால், மூடிய குழாயில் ஏறுவதுபோல் எதிர்ச்சரிவிலும் ஏறிவிடும். இதற்கு ஓர் எல்லை உண்டு. அடித்தரையின் எதிர்ச்சரிவு, பனி மேற்பரப்பின் சரிவைவிடச் சுமார் பதினொரு மடங்கு செங்குத்தாகிவிட்டால் நீரால் ஏற முடியாது. அந்த எல்லையை நெருங்கும்போதே நீரின் சுமக்கும் திறன் குறையத் தொடங்குகிறது. கல்லும் மண்ணும் அங்கேயே தங்கிப் பாறையைப் போர்த்துவதால் குடைவதும் தளர்ந்துபோகிறது. எனவே கிண்ணம் தன் ஆழத்துக்குத் தானே ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறது.

இத்தனை பனி இங்கே ஏன் சேர்ந்தது என்று கேட்டால், மழைச்சட்டையை எடுத்துக்கொண்டு சீத்வெய்ட்டுக்குப் போக வேண்டும். ஸ்காஃபெல் பைக்கின் வடபுற அடிவாரத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் ஏறிக் குளிர்வதே காரணம். அருகிலுள்ள ஹோனிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவாகி, பிரிட்டனின் சாதனையானது. குளிர்காலம் நீண்டிருந்த யுகத்தில் இதே காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டியது. நடு மலைகளில் குவிந்த பனி, ஏற்கெனவே ஆறுகள் போட்டுவைத்த பள்ளத்தாக்குகள் வழியே எல்லாப் பக்கமும் வழிந்தது. நடுவிலிருந்து பள்ளத்தாக்குகள் பிரியும் விதத்தைக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு ஒப்பிட்டார். உயர்ந்த மலையும் ஆழ்ந்த ஏரியும் ஒரே பள்ளத்தாக்கில் அமைந்தது தற்செயல் இல்லை என்று நான் நினைக்கிறேன். பனி தடித்துக் குவிந்ததும் அங்கேதான், குறுகிய வாயில் நெருக்கித் தள்ளப்பட்டதும் அங்கேதான்.

சிறிய அளவில் இதே வேலையை மலை முகட்டில் பார்க்க வேண்டுமானால் ஹெல்வெலின் ஏற வேண்டும். 950 மீட்டர் உயரம். ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்னும் கத்தி முனை போன்ற பாறை வரப்பின் மேல் நடந்தால், வலப்பக்கம் கீழே ரெட் டார்ன் என்ற சுனை வட்டமாகக் கிடக்கும். ‘டார்ன்’ என்பது வைக்கிங் குடியேறிகளின் மொழியிலிருந்து வந்த சொல். நம் ‘சுனை’ அதற்கு ஏறக்குறைய பொருந்துகிறது. சாய்வு நாற்காலி போலக் குடையப்பட்ட இந்தக் குழிவு கிழக்கு நோக்கித் திறந்திருக்கிறது. இந்த வட்டாரத்தின் பெரும்பாலான குழிவுகள் வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட திசைகளையே பார்க்கின்றன. தென்மேற்குக் காற்று மலைமுகட்டுப் பனியை வாரி மறுபுறம் கொட்டுகிறது, அங்கே பிற்பகல் வெயிலும் படுவதில்லை. அதனால் பனி தங்கியது, கனத்தது, சுழன்று இறங்கிக் குடைந்தது.

எப்போது நடந்தது இதெல்லாம்? விண்டர்மியரின் அடிச்சேற்றில் விடை இருந்தது. வினிஃப்ரெட் பென்னிங்டன் என்ற தாவரவியலாளர், ஏரியின் அடியிலிருந்து குழாய் வழியே எடுத்த சேற்றுத் தூண்களை அடுக்கடுக்காக ஆராய்ந்தார். அடியில் உயிர்த்தடம் மிகக் குறைந்த களிமண்; பனியாறு அரைத்த பாறை மாவு அது. அதன் மேல் தாவர எச்சமும் மகரந்தமும் கலந்த அடுக்கு. அதற்கும் மேல் மீண்டும் களிமண். பிறகு இன்றுவரை பழுப்புச் சேறு. பனி விலகியது, பிர்ச் மரங்கள் முளைத்தன, மறுபடி குளிர் திரும்பியது, மறுபடி விலகியது என்று அந்தச் சேறு வரிசையாகச் சொல்கிறது. சுமார் 14,700 முதல் 12,900 ஆண்டுகளுக்கு முன் நிலவிய அந்த இடைக்கால வெதுவெதுப்புக்குப் பிரிட்டனில் விண்டர்மியரின் பெயரையே வைத்துவிட்டார்கள். திரும்பி வந்த குளிரில் பெரும் பனிப்போர்வை இங்கே மீளவில்லை. ரெட் டார்ன் போன்ற குழிவுகளில் மட்டும் சிறு பனியாறுகள் மீண்டும் உட்கார்ந்தன. அவை முடிந்தது ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்பு.

பனி விட்டுச்சென்ற ஆழம் இன்றும் ஓர் உயிரைக் காக்கிறது. விண்டர்மியரில் ஆர்க்டிக் சார் என்ற மீன் வாழ்கிறது. பனி விலகிய காலத்தில் கடலிலிருந்து ஏறி வந்து, இங்கேயே தங்கிவிட்ட குளிர்நீர் மீன். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடேறி லேசாகி மேலேயே மிதக்கிறது. குளிர்ந்த கனமான நீர் அடியில் தங்கிவிடுகிறது. இரண்டும் இலையுதிர் காலம்வரை கலப்பதில்லை. சார் மீன் அந்தக் கீழ்நீருக்கு இறங்கிக் கோடையைக் கடத்துகிறது. அதைப் பிடிப்பவர்களின் மரபான முறையே இந்த ஆழத்துக்காக அமைந்தது: துடுப்புப் படகின் இருபுறமும் நீண்ட கழிகள், ஈயக்குண்டு கட்டிய நீள நூல், அதில் வெவ்வேறு ஆழங்களில் மினுங்கும் உலோகத் தகடுகள். மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே தகடுகளை இழுத்துச் செல்வார்கள்.

ஆனால் கலக்காத கீழ்நீருக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் கிடைப்பதில்லை. கழிவுநீர் வழியே சேரும் பாஸ்பரஸ் பாசியை வளர்க்கிறது. பாசி செத்து அடியில் படிந்து அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடுகிறது. விண்டர்மியரின் தென்பாதியில் கோடை இறுதியில் அடிநீர் ஏறக்குறைய மூச்சற்றுப்போகிறது. மேலே சூடு, கீழே மூச்சுத்திணறல் என்று மீனுக்கு நடுவில் ஒரு மெல்லிய அடுக்குதான் மிஞ்சுகிறது. இதைப் படித்தபின் அந்த ஏரியில் படகேறும்போது நீலத்தை மட்டும் ரசித்துவிட்டு இறங்க என்னால் முடியவில்லை.

ஏரிகளும் நிலைத்தவை இல்லை. ஒவ்வொரு மழைக்கும் ஓடைகள் கல்லையும் மணலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. கெஸ்விக் நகருக்கு இருபுறமும் உள்ள டெர்வென்ட்வாட்டரும் பாசன்த்வெய்ட்டும் ஒரு காலத்தில் ஒரே ஏரி. ஆற்று வண்டல் நடுவில் சேர்ந்து இரண்டாக்கிவிட்டது.

இதைத் தெளிவாகப் பார்க்க ஹேஸ்டாக்ஸ் என்னும் 597 மீட்டர் குன்றின் உச்சிக்குப் போகலாம். மேகம் விலகினால் கீழே பட்டர்மியரும் அதற்கப்பால் கிரம்மக் வாட்டரும் ஒரே நேர்கோட்டில் தெரியும். அவையும் ஒன்றாக இருந்தவையே. இடையில் ஒரு பச்சைத் திட்டு. பக்கத்து மலையிலிருந்து இறங்கும் சிற்றோடை பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து நிரப்பிய தரை அது. கற்சுவர்களால் பிரித்த வயல்களில் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. ஒரு சிறு தேவாலயம், விடுதிகள், பத்துப் பதினைந்து வீடுகள். பட்டர்மியர் ஊர் பழைய ஏரியின் நடுவில்தான் நிற்கிறது.