26 ஆம் திகதி செய்த குற்றம் என்ன?

26 ஆம் திகதி பேரழிவின் நாள் என்று காட்டுவதற்காக, டிசம்பர் பிறந்ததும் கைத்தொலைபேசிகளில் உலாவரத் தொடங்கும் ஒரு பட்டியலை அனுப்பி, கிளிநொச்சியில் உயர்தரத்தில் கணிதம் படிக்கும் வாசகர் ஒருவர் விளக்கம் கேட்டிருக்கிறார். 1700 ஜனவரி 26 இல் வட அமெரிக்க மேற்குக் கரைப் பூமியதிர்ச்சி, 1883 ஓகஸ்ட் 26 இல் கிரக்கட்டோவா எரிமலை, 1963 ஜூலை 26 இல் இன்றைய வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்ஜேயிலும், 2001 ஜனவரி 26 இல் குஜராத்திலும், 2003 டிசம்பர் 26 இல் ஈரானின் பாம் நகரத்திலும் பூமியதிர்ச்சிகள், 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை: இத்தனையும் தற்செயலா என்பது அவருடைய கேள்வி. முல்லைத்தீவுக் கரையில் அந்த நாள் நினைவுநாளாக இருக்கையில், இதை வெறும் வேடிக்கையென்று தள்ளிவிட மனம் வரவில்லை.

26 என்ற எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு அது பலிக்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. எல்லாம் நடந்து முடிந்தபின் எந்த எண் திரும்ப வருகிறதென்று தேடுவது முற்றிலும் வேறொரு சோதனை. பட்டியல் செய்திருப்பது இரண்டாவதை. மாதத்துக்கு 31 நாட்கள், எல்லா நாட்களும் சமவாய்ப்புடையவை என்று கொண்டு, ஏழு நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது எந்தத் திகதியிலும் விழலாம். அடுத்தது அதனோடு சேராதிருக்க 31 இல் 30 வாய்ப்பு. மூன்றாவது முந்திய இரண்டோடும் சேராதிருக்க 31 இல் 29. இப்படியே இறங்கி ஏழாவதற்கு 31 இல் 25. இந்த ஆறு பின்னங்களையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.48 வரும். ஆகவே ஏழே ஏழு நிகழ்வுகளில் குறைந்தது இரண்டேனும் ஒரே திகதியில் விழுவதற்கான நிகழ்தகவு பாதிக்கு மேல்.

ஒவ்வொரு பின்னமும் ஒன்றை ஒட்டியே இருக்க, பெருக்கம் மட்டும் இவ்வளவு விரைவாகச் சரிவதை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சரிவுக்குக் காரணம் சோடிகள். ஏழு நிகழ்வுகளுக்குள் 21 சோடிகள் இருக்கின்றன. 23 பேருக்குள் 253 சோடிகள் இருக்கின்றன. அதனாலேயே 365 நாட்கள் கொண்ட ஆண்டில்கூட, 23 பேர் கூடிய இடத்தில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு 50.7 வீதமாகிறது, நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் அது 89 வீதம். ஆனால் அந்த வகுப்பில் ஒருவர் எழுந்து தம்முடைய பிறந்தநாளுக்கே துணை தேடினால், அதே பாதி வாய்ப்பை எட்ட அவருக்கு வேறு 253 பேர் வேண்டும். ஒப்பீடுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். முன்னதில் 23 பேரே அத்தனை ஒப்பீடுகளையும் தமக்குள் முடித்துக்கொள்கிறார்கள். நாமோ ஆட்களை எண்ணுகிறோம், சோடிகளை எண்ணுவதில்லை.

இனிப் பட்டியலுக்கு வருவோம். உலகில் 7 ரிக்டருக்கு மேற்பட்ட பூமியதிர்ச்சிகள் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து நிகழ்கின்றன. ஒரு நூற்றாண்டில் 1,500. அவற்றை மாதத்தின் நாட்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறக்குறைய ஐம்பது கிடைக்கும். பாமும் ஸ்கோப்ஜேயும் 7 ஐ எட்டாதவை. அத்தகையவற்றையும் சேர்த்தால் களஞ்சியம் பன்மடங்காகும். அதற்குள் கைவிட்டு 26 க்கு ஆறை எடுத்தவர் 12 க்கும் ஆறை எடுக்கலாம். மெக்சிகோவில் 1985, 2017, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் செப்டெம்பர் 19 இல் நிலம் பலமாக அதிர்ந்தது எனக்கும் வியப்புத்தான். ஆயினும் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகரும் புவித்தட்டு நாட்காட்டி பார்த்து நழுவ வழியில்லை.

திகதி என்பதே மனிதர் போட்ட எல்லைக்கோடு. கிரக்கட்டோவாவின் மிகப் பெரிய வெடிப்பு 27 ஆம் திகதி காலையில் நிகழ்ந்தது. பட்டியல் அதன் தொடக்கத்தை எடுத்துக்கொண்டது. 1700 இன் அதிர்ச்சிக்கு 26 என்ற திகதி, யப்பானியர் தம் சந்திர நாட்காட்டியின் 12 ஆம் மாதத்தில் குறித்துவைத்த பேரலைப் பதிவுகளிலிருந்து பின்னோக்கிக் கணித்துப் பெறப்பட்டது. அன்று இங்கிலாந்து பின்பற்றிய பழைய யூலியன் நாட்காட்டி 16 என்றே காட்டியது. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தபோது கிரீன்விச் நேரம் 26 ஆம் திகதி 0.58, ஒரு மணி நேரம் முந்தியிருந்தால் கிரீன்விச்சில் அது 25. நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004 இல் கொழும்பு கிரீன்விச்சுக்கு ஆறு மணி நேரம் முந்தியிருக்க, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி ஐந்தரையிலேயே நின்றது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்கள் மணிக்கூட்டை அரை மணி திருப்பினார்கள். கிளிநொச்சியில் 25 ஆம் திகதி இரவு 11.45 க்குப் பிறந்த குழந்தைக்கு, அரச கட்டுப்பாட்டிலிருந்த வவுனியாவின் நேரப்படி 26 பிறந்து கால் மணியாகியிருக்கும். எண்சாத்திரக்காரர் எந்த எண்ணுக்குப் பலன் சொல்வார்?

காரணத்தோடு திரும்பும் திகதிகளும் உண்டு. 1930 ஜனவரி 26 இல் பூரண சுயராச்சிய நாளைக் கொண்டாடியதை நினைவுகூர்ந்தே, இந்தியா தன் அரசியலமைப்பை 1950 இல் அதே நாளில் நடைமுறைப்படுத்தியது. 1938 நவம்பர் 9 இல் யூதர்மீதான தாக்குதலை நாசித் தலைவர்கள் முடுக்கிவிட்டபோது, அவர்கள் 1923 இல் அதே நாளில் முறியடிக்கப்பட்ட ஹிட்லரின் கிளர்ச்சியை நினைவுகூர மியூனிக்கில் கூடியிருந்தார்கள். 1964 டிசம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் அடித்த புயலும் 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியும் அடுத்தடுத்த மாதங்களில் வந்ததற்கு வடகீழ்ப் பருவமழைக் காலம் காரணம். பூமியதிர்ச்சிக்கு அப்படியொரு பருவம் கிடையாது.

2004 இல் அதிர்ச்சிக்கும் அலை நம் கிழக்குக் கரையைத் தொட்டதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. பசிபிக்கில் 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இயங்கிவர, இந்து சமுத்திரத்தில் அன்று அப்படி எதுவும் இருக்கவில்லை. எண்சாத்திரம் பார்த்துப் பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைக்கக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, யாழ். பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளின் கைக்கு அதிர்வுமானியாகவும் கடல்மட்டமானியாகவும் வந்துசேர்ந்தால், அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அவர்கள் நிறையவே சொல்வார்கள்.