நாற்றைச் சுடும் பச்சை எரு

போன கிழமை விசுவமடுப் பக்கமிருந்து ஓர் அம்மா பொலித்தீன் பையில் மிளகாய் நாற்றுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இந்தக் காலபோகத்தில், அதாவது மாரி மழைப் பயிர்ப்பருவத்தில், இது ஏழாவது பை. மூன்று வாரம்கூட ஆகாத நாற்றுகள். இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியதுபோலக் கருகியிருந்தன. வேரை அலசிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய நுனிகள் தேயிலைச் சாயம் பிடித்ததுபோலப் பழுப்பாகியிருந்தன.

"என்ன போட்டீர்கள், அம்மா?"

"கோழிப்பண்ணையில் அள்ளிய எருதான் தம்பி, இரண்டு மூடை. கடைப் பசளை ஒரு பிடியும் போடவில்லை. எரு எப்படிச் சுடும்?"

சுடும். எத்தனை கூட்டங்களில் சொல்லியும் இந்த ஒன்று மட்டும் மனதில் ஏற மறுக்கிறது. இயற்கையானது என்பதால் ஒன்று செடிக்குத் தீங்கு செய்யாது என்று எந்த வேரும் எழுதிக் கொடுக்கவில்லை. கோழிக்கூட்டைக் கிளறும்போது கண்ணைக் கரிக்கிறதே ஒரு நெடி, அதுதான் அமோனியா. வளர்ந்த மனிதரின் கண்ணிலேயே நீர் வரவைக்கும் ஒன்றை, நூல்போன்ற வேருக்கு அடியில் புதைத்துவிட்டு, செடி ஏன் வாடுகிறது என்று கேட்கிறோம். எருவில் உப்பும் உண்டு. அளவு மீறினால் யூரியா செய்கிற கெடுதலையே உக்காத பச்சை எருவும் செய்யும்.

பண்ணை எருவில் உமி கலந்திருந்தால் இன்னொரு தொல்லை. உமியை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாற்று மஞ்சளிக்கும். மஞ்சளைக் கண்டதும் இன்னொரு கூடை எருவைக் கொட்டுவார்கள்!

"எங்கள் அப்பு காலத்தில் சாணிதானே போட்டார்கள்" என்பார்கள். போட்டார்கள். ஆனால் கோடைப் பருவமான சிறுபோக அறுவடை முடிந்ததும் வயலில் மாட்டுப் பட்டி அடைத்தார்கள். அந்தச் சாணி வெயிலில் காய்ந்து, உழவில் கலந்து, மாரி மழையில் நனைந்த பிறகே விதை விழுந்தது. எருவுக்கு அவர்கள் கொடுத்த அந்த அவகாசத்தை நாம் கொடுப்பதில்லை. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் இதே அவசரத்தைத்தான் கண்டேன். குவியல் ஆறுவதற்கு முன்பே அள்ளி மூடை கட்டினார்கள்.

முளைத்த நாற்றுக்கு முதல் உணவு அதன் விதையிலேயே இருக்கிறது. உண்மை இலை விரியும்வரை அது உங்களிடம் ஒன்றும் கேட்காது. நாற்றுமேடைக்கு மேல்மண்ணும் நன்கு உக்கிய மாட்டெருவும் சம அளவு போதும், இரண்டையும் அரித்துப் போடுங்கள். கோழி எருவை நாற்றுமேடைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதை வைக்கோல், கிளிசரிடியா இலையோடு அடுக்கி, ஈரம் காயாமல், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை புரட்டி, மூன்று மாதம் விடுங்கள்.

உக்கிவிட்டதா என்று பார்க்கக் குவியலுக்குள் முழங்கைவரை கையை விடுங்கள். சூடு இருந்தால் அந்த எருவை இன்னும் எடுக்கவேண்டாம். சூடு ஆறி, மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் இரண்டு சிரட்டை எடுங்கள். ஒன்றில் வெறும் மண், மற்றதில் பாதி மண்ணும் பாதி எருவும். இரண்டிலும் பத்துப் பயறு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு கிழமையில் எரு போட்ட சிரட்டையில் முளை குறைந்தாலோ வேர் கருகினாலோ இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

நட்ட பிறகு எரு இடுவதென்றாலும் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி இடுங்கள்.

அந்த அம்மா திரும்ப விதை வாங்கிப் போட்டிருக்கிறார். விதைக் காசுக்குத் தோட்டை அடகு வைத்ததாக எழுந்து போகும்போதுதான் சொன்னார். தயவுசெய்து, நாற்றுக் கருகிய பிறகு பையோடு வராதீர்கள். எரு குவியலில் இருக்கும்போதே ஒரு பிடி அள்ளிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.