கிளவுட் டெஸ்ட் எழுதும்போது முதலில் அழிப்பதை யோசியுங்கள்

கிளவுடில் சர்வர், டேட்டாபேஸ் போன்றவற்றைக் கோட் எழுதி உருவாக்கும் கருவி டெர்ராஃபார்ம். அதன் பிளான் கமாண்ட் பிழையில்லாமல் ஓடிவிட்டது, அதனால் எல்லாம் சரி என்று நம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பிளான் சொல்வது என்ன உருவாகப்போகிறது என்பதை மட்டும்தான். சர்வரிலிருந்து டேட்டாபேஸை எட்ட முடிகிறதா, கிளவுடின் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பில் சரியான போர்ட் திறந்திருக்கிறதா என்பதெல்லாம், நிஜமாகவே எல்லாவற்றையும் உருவாக்கி, வெளியிலிருந்து ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். கோ மொழியில் இப்படி டெஸ்ட் எழுத உதவும் டெர்ராடெஸ்ட் இதற்கு நல்ல கருவி. டெர்ராஃபார்ம் 1.6 முதல் அதற்குள்ளேயே டெஸ்ட் கமாண்டும் இருக்கிறது.

பலரும் கோட்டைவிடுவது கடைசிப் படியில், அதாவது அழிப்பதில். நாங்களும் விட்டோம். டெஸ்டின் தொடக்கத்திலேயே டிஃபர் (ஃபங்ஷன் முடியும்போது இதை ஓட்டு என்று சொல்லும் கோ வசதி) போட்டு, உருவாக்கியதை அழிக்கும் டெஸ்ட்ராய் கமாண்டை எழுதியிருந்தோம், எது உடைந்தாலும் அது ஓடிவிடும் என்று இருந்துவிட்டோம். ஆனால் கோ டெஸ்டுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10 நிமிடம்தான் டைம்அவுட். அன்று டேட்டாபேஸ் தயாராகவே அதற்கு மேல் ஆனது, 10 நிமிடம் முடிந்ததும் புரோசஸே பேனிக் ஆகி நின்றது, டிஃபர் ஓடவில்லை. என்னென்ன உருவானது என்று டெர்ராஃபார்ம் குறித்துவைக்கும் ஸ்டேட் ஃபைலும், டெஸ்டைத் தானாக ஓட்டும் சிஐ ரன்னர் மெஷினோடு போய்விட்டது. நடந்தது வெள்ளிக்கிழமை மாலை. திங்கள் காலையில் கன்சோலைத் திறந்தால் டேட்டாபேஸும், உள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்கு வழிவிடும் நாட் கேட்வேயும் அப்படியே நின்று மணிக்கணக்கில் பில் ஏறியிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் அழித்தோம்.

டைம்அவுட்டை 60 நிமிடமாக்குங்கள். அது மட்டும் போதாது, சிஐ ஜாபை யாராவது பாதியில் கேன்சல் செய்தாலும் இதே கதைதான். அதனால் டெஸ்டுக்கென்றே தனி அக்கவுண்ட், எல்லா ரிசோர்ஸுக்கும் எந்த டெஸ்ட், எந்த ரன் என்று சொல்லும் டேக், அப்புறம் தினமும் இரவில் மிச்சத்தைத் துடைக்கும் ஒரு ஜாப், இவை மூன்றும் வேண்டும். ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) அக்கவுண்டுகளுக்கான ஏடபிள்யூஎஸ் நியூக் போன்ற கருவிகள் அக்கவுண்டையே காலி செய்துவிடும், புரொடக்‌ஷன் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

ரிசோர்ஸ் பெயர்களின் கடைசியில் ரேண்டமாக நாலு எழுத்து சேர்த்துவிடுங்கள். பாஸ்வேர்டு போன்றவற்றை வைக்கும் ஏடபிள்யூஎஸ் சீக்ரெட்ஸ் மேனேஜரில் அழித்த சீக்ரெட் இயல்பாக 30 நாள் காத்திருப்பில் இருக்கும், அதுவரை அதே பெயரில் புதிதாக உருவாக்க முடியாது. முதல் ரன் பாஸாகி இரண்டாவது ரன் ஃபெயில் ஆனால் முதலில் இதைப் பாருங்கள். எது எதைச் செய்யலாம் என்ற அனுமதியைத் தரும் ஐஏஎம் ரோல் உருவான உடனே வேலை செய்யாமல் போகலாம், கண்ணை மூடிக்கொண்டு ஸ்லீப் போடாமல் ரீட்ரை எழுதுங்கள்.

இரவு ஜாப் எதையெல்லாம் அழித்தது என்ற பட்டியலைத் தினமும் காலையில் படிக்கிறோம். அதில் ஒரு வரி இருந்தாலும் டேக்கை வைத்து எந்த டெஸ்ட் அதை விட்டுப்போனது என்று தேடிச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை.