தடுப்பணையை விட்டுப் போகாத செருப்பு

தண்ணீர் வழியும் தடுப்பணைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆற்றோடு வந்த ஒற்றைச் செருப்போ தேங்காய் மட்டையோ சுவரடியிலேயே ஆடிக்கொண்டிருக்கும். அமிழும், சற்றுத் தள்ளி எழும், மறுபடி சுவரை நோக்கியே வரும். ஆறு கிழக்கே ஓடும்போது செருப்பு ஏன் மேற்கே போகிறது?

சுவரைத் தாண்டி விழும் நீர் நேராக அடிக்குப் பாய்ந்து, தரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஓடி, பிறகு குமுறிக்கொண்டு மேலெழுகிறது. எழுந்ததில் ஒரு பங்கு ஆற்றோடு போய்விடும். மறுபங்கு சுவர்ப் பக்கம் திரும்பி, விழும் நீரில் மாட்டி மீண்டும் அடிக்குப் போகும். நமக்குத் தெரிந்த சுழி பம்பரம்போல நின்று சுற்றும். இது உருளைபோலப் படுத்துச் சுற்றுகிறது. அதனால் கரையிலிருந்து பார்ப்பவருக்குச் சுழல் என்றே தோன்றாது. சுவர் இடுப்புயரம் இருந்தாலே போதும், ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அங்கே நீச்சலும் கைகொடுக்காது. காரணம், பிள்ளைகள் ஆசையாய் ஓடிப்போய் நிற்கிற அந்த வெள்ளை நுரைதான். ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ எடை. மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் நம் உடல் அதே அளவு நீரைவிடச் சற்றே லேசு. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் மிதக்கிறோம். நுரையில் பத்தில் ஒரு பங்கு காற்று கலந்தாலே லிட்டருக்கு 900 கிராம்தான் தேறும். அது நம்மைத் தாங்காது. கை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வேறொன்று. நீர் குறைவாக இருக்கும்போது விழுந்த வேகத்திலேயே வெளியே ஓடிவிடும். கீழ்ப்பக்க நீர்மட்டம் உயர உயர, விழும் உயரம் குறைந்து இரைச்சலும் அடங்கிவிடும். பார்க்க அமைதியாகத் தெரியும் அந்த நேரத்தில்தான் உருளை வலுவாகிறது. பவானியில் நீர்வரத்து கூடினால் கொடிவேரியில் குளிக்கத் தடை போடுகிறார்கள். "தண்ணி அமைதியாத்தானே போகுது" என்று யாரும் கயிற்றைத் தாண்ட வேண்டாம்.

2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப்போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். கண்முன் ஒருவர் தத்தளித்தால் குதிக்கத்தான் மனம் துடிக்கும். ஆனால் தடுப்பணையடியில் குதிப்பவரையும் அதே உருளை பிடிக்கும். கரையில் நின்றபடி கயிற்றை வீசுங்கள். கயிறு இல்லையென்றால் இரண்டு சேலையை முடிச்சுப் போட்டு, நுனியில் மூடிய காலி கேனைக் கட்டி எறியுங்கள். அது, நீர் குமுறி எழும் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விழ வேண்டும். கோட்டைத் தாண்டி விழுந்தால் ஆற்றோடு போய்விடும்.