ஆறு மில்லிமீட்டர் கட்டிக்கு என்ன அவசரம்?

"ஆபரேஷனுக்கு எந்தத் தேதி டாக்டர்?" தைராய்டில் ஆறு மில்லிமீட்டர் பாப்பிலரி புற்றுநோய் (தைராய்டு புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை) என்ற ரிப்போர்ட்டோடு வருபவர்கள் உட்காரும் முன்பே கேட்பது இதைத்தான். புற்றுநோய் என்றாலே வெட்டி எறிய வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. தைராய்டு விஷயத்தில் அந்தப் பதற்றம் பல நேரங்களில் நோயைவிட அதிகக் கேடு செய்கிறது.

தென் கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலானதும் 2011-இல் இந்த நோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ஐப் போல 15 மடங்கானது. இறப்பு விகிதமோ அப்படியே இருந்தது. அதாவது, ஸ்கேன் எடுக்காதிருந்தால் வாழ்நாள் முழுக்கத் தொல்லையே தராமல் கிடந்திருக்கும் கட்டிகளைத்தான் பெரும்பாலும் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனையில், அறுவை மருத்துவர் அகிரா மியாவுச்சியின் யோசனைப்படி 1993 முதல் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகளை அறுக்காமல் கண்காணித்துவருகிறார்கள். 2014-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் 1,235 பேர் இருந்தனர். பத்தாண்டுகளில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை 8 சதவீதம். நிணநீர்க் கணுவுக்குப் பரவியவை 3.8 சதவீதம். தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. அறுபதைக் கடந்தவர்களிடம் கட்டி இளையவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்தது. வயதானவருக்குத்தான் அவசரம் என்று குடும்பத்தார் நினைப்பதற்கு இது நேர்மாறு.

அறுவை சிகிச்சைக்கும் விலை உண்டு. முழுச் சுரப்பியையும் எடுத்தால் அதன் ஹார்மோனுக்கு ஈடாக ஆயுளுக்கும் தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அரிசிமணி அளவுதான். அவை அடிபட்டால் கால்சியம் குறைந்து விரல்நுனியும் உதடும் மரத்துப்போகும். குரல் நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கம்மிவிடும். கைதேர்ந்தவர் செய்தாலும் இவற்றில் எதுவும் நேராது என்று யாரும் உறுதிகூற முடியாது.

எல்லாருக்கும் காத்திருப்பு பொருந்தாது. கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தால், கணுக்களில் பரவியிருந்தால், செல் பரிசோதனையில் தீவிர வகை என்று தெரிந்தால் நானே அறுவைக்கு நாள் குறிப்பேன். எனவே அளவை மட்டும் பார்க்காமல் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். கண்காணிப்பு என்றால் மறந்துவிடுவது அல்ல: முதலில் ஆறு மாதத்தில் ஸ்கேன், மாற்றமில்லை என்றால் பிறகு ஆண்டுக்கு ஒன்று.

"உள்ளே இருக்கிறது என்ற நினைப்பே தூங்கவிடவில்லை" என்பவரை நான் வற்புறுத்துவதில்லை. அவருக்கும் பெரும்பாலும் பாதிச் சுரப்பியை எடுத்தாலே போதும். மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடினும் தேவைப்படாது.