ஒரே ஒரு எம்டிபி கோப்பை மட்டும் எடுத்து வராதீர்கள்

போன வாரம் ஒரு மரக்கடைக்காரர் பென் டிரைவோடு வந்தார். 1998 முதல் பாக்கிக் கணக்கு முழுவதும் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் புரோகிராமான ஆக்சஸ் 97-இல் வைத்திருந்தவர். அதன் கோப்புதான் எம்டிபி. பழைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது. "சார், எல்லாம் இதுல இருக்கு" என்றார்.

திறந்தேன். பச்சை நிறப் படிவம், கடையின் பெயர், 'பாக்கி' என்ற பொத்தான் எல்லாம் அப்படியே இருந்தன. பொத்தானை அழுத்தினால் கோப்பைக் காணோம் என்கிறது. தரவு இருக்கும் அட்டவணைகளான டேபிள்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி. அது இருந்தால் தரவு இந்தக் கோப்பில் இல்லை. டேபிளின் டிசைன் வியூவில் பண்புகளைத் திறந்தேன்; டி டிரைவில் இருந்த இன்னொரு எம்டிபியின் முகவரி, பெயர் 'பிஇ' என்று முடிகிறது, அதாவது பேக் எண்ட், தரவு இருக்கும் கோப்பு. அந்த டி டிரைவ்தான் காயலான் கடையில் இருக்கிறது.

இந்த வருடம் இது நான்காவது.

திரையில் தெரியும் படிவம் டேட்டாபேஸ் இல்லை. தயவுசெய்து இதை நம்புங்கள். ஆக்சஸுக்கு முந்தைய டேட்டாபேஸ் புரோகிராமான டிபேஸ் காலத்தில் கோப்பின் பெயரை நாமே தட்டச்சு செய்து திறந்தோம். எந்த டிபிஎஃப் கோப்பில் எது என்று கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். 1992 நவம்பரில் ஆக்சஸ், அடுத்த வருடம் விண்டோஸுக்கான பாரடாக்ஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் புரோகிராம் என்று வந்ததும் படிவமும் பொத்தானும் முன்னால் வந்தன, கோப்பு கண்ணிலிருந்து மறைந்தது. படிவம் திறந்தால் கணக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். படிவம் வெறும் ஜன்னல். ஜன்னலைப் பெயர்த்து எடுத்து வந்தால் வீட்டுக்குள் இருந்த சாமான் அதோடு வராது. பாரடாக்ஸில் இன்னும் மோசம்: டிபி கோப்பை மட்டும் எடுத்தால், நீளமான குறிப்புகள் இருக்கும் எம்பி கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

படிவத்தை ஒரு கோப்பிலும் தரவை இன்னொரு கோப்பிலுமாகப் பிரித்து வைத்த புரோகிராமரைத் திட்டாதீர்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்க அதுதான் சரியான முறை. ஆனால் தரவு எங்கே என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கலாம்.

பழைய மெஷினைக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் காப்பி எடுங்கள், ஒரு ஃபோல்டரை மட்டும் அல்ல. காப்பி எடுக்கும்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஆக்சஸ் திறந்திருக்கக் கூடாது. எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசியாகப் போட்ட பில் தெரிகிறதா என்று பாருங்கள். ஆக்சஸ் 2013-உம் அதற்குப் பிந்தையவையும் 97 கோப்பைத் திறக்காது. 2010-லோ அதற்கு முன்னால் வந்ததிலோ மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மரக்கடைக்காரர் காயலான் கடைக்குப் போயிருக்கிறார். டிஸ்க்கை இன்னும் உடைக்கவில்லை என்றால், எதிலும் மாட்டிப் பார்க்காமல் நேராக என்னிடம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.