முப்பதாண்டுப் பதவி கோச் ஆவதற்கான தகுதி அன்று

நான் எக்ஸிகியூட்டிவ் கோச், அதாவது மேலாளர்கள் தம் பணிச் சிக்கல்களைத் தனியே பேசித் தெளிய வரும் ஆள். சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு துணைப் பொது மேலாளர், தம் முந்தைய கோச்சுடன் நடந்த ஆறு அமர்வுகளில் எழுதிய நோட்டைப் பிரித்துக் காட்டினார். (அவருடைய இசைவுடன், அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பக்கத்துக்குப் பக்கம் "நானாக இருந்தால்", "எங்கள் காலத்தில்", "துணிந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றிருந்ததே தவிர, அவராக யோசித்து எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி அவர் ராஜினாமாவும் கொடுத்துவிட்டார். அதைச் சொன்ன கோச் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஆண்டில் இப்படி ஒரு கதையைக் கேட்பது எனக்கு இது நான்காவது முறை.

அரசுத் துறையில் பதினோரு ஆண்டு, தொழிற்சாலை நிர்வாகத்தில் பதினான்கு, மேலாண்மைக் கல்லூரியில் ஆறு என்று என் அறிமுகத்தை வாசிப்பவர்கள், "மூன்று உலகமும் பார்த்தவர், வழி சொல்வார்" என்று நம்பி வருகிறார்கள். கோச்சிங் என்றாலே நீட் வகுப்பு நினைவுக்கு வரும் ஊரில், கோச் என்பவர் விடை சொல்லித் தருபவர் என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் வழி சொல்பவர் ஆலோசகர். தம் அனுபவத்தைப் பகிர்பவர் மென்டர். கோச்சின் வேலை, எதிரில் இருப்பவர் தம் சிக்கலைத் தாமே தெளிவாகப் பார்க்கும்வரை கேட்பதும் காத்திருப்பதும்தான். நான் வகித்த பதவிகள் இதற்கு உதவியதைவிடக் குறுக்கே நின்றதே அதிகம். எதைக் கேட்டாலும் பத்தி எண்ணிட்டுக் குறிப்பெழுதி, "உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று முடிக்கும் மனத்தை அரசு தந்தது. உற்பத்தி லைன் நின்றால் பத்து நிமிடத்தில் ஓடவைக்க வேண்டும் என்ற பதற்றத்தைத் தொழிற்சாலை தந்தது. கல்லூரி தந்ததுதான் மூன்றிலும் மோசம்: ஐம்பது நிமிடம் இடைவிடாமல் பேசும் பழக்கம். என் தொடக்க கால அமர்வுப் பதிவுகளைக் கேட்ட என் கோச்சிங் மேற்பார்வையாளர், பாதி நேரத்துக்கு மேல் நானே பேசியிருப்பதைக் கடிகாரம் வைத்துக் காட்டினார்.

இந்தியாவில் கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. 1995-இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு (ஐ.சி.எஃப்.) தரும் சான்றிதழ்களில் கீழ்ப்படிக்கே 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும், அடுத்த படிக்கு 500 மணி நேரம், மேல்படிக்கு 2,500. சான்றிதழ் இருந்தும் சொதப்புபவர்களை நான் அறிவேன் என்றாலும், ஒரு வார இறுதியில் முடித்த படிப்பைக் காட்டி லட்சங்களில் கட்டணம் கேட்பவரிடம் இந்தக் கணக்கையாவது கேளுங்கள். "என் துறையைத் தெரியுமா?" என்று கோச்சிடம் கேட்பதைவிட, "உங்கள் கோச்சிங்கை யார் மேற்பார்வையிடுகிறார்?" என்று கேட்பது பயன் தரும். முதல் சந்திப்பில் உங்களைவிட அவரே அதிகம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிறுவனம் பணம் கட்டினால், எச்.ஆர். துறைக்கு எது போகும், எது போகாது என்பதை நீங்கள், கோச், நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் முதலிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. தாம் பேசுவது யாரிடம் போகுமோ என்று அரசு அலுவலர்கள் இன்னும் கூச்சப்படுவதன் காரணம் எனக்குப் புரிகிறது. மேலதிகாரி எழுதும் ஆண்டு ரகசிய அறிக்கையின் ஒவ்வொரு பதிவையும் உரியவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லும்வரை, தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது.

தூக்கம் கெட்டு, வாழ்வே வெறுத்துப்போன நிலையில் கோச்சிடம் வராதீர்கள்; மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். அந்த நிலையில் இருப்பவரைத் தாமே சரிசெய்வதாகச் சொல்லும் கோச்சை நம்பாதீர்கள். ராஜினாமாக் கடிதத்தை மட்டும், நான் சொன்னாலும் சரி, அன்றிரவே அனுப்பிவிடாதீர்கள். அந்தத் துணைப் பொது மேலாளர் இப்போது தம் நோட்டீஸ் காலத்தின் மிச்ச நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.